மைதானத்தைப் பார்த்துப் பிறந்த பியானோப் போட்டி

1920-களின் வார்சாவில் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானைக் குறை சொல்வது ஒரு நாகரிகமாக இருந்தது. அளவுக்கு மீறி உருகுகிறார், கேட்பவர் மனத்தைத் தளரவைக்கிறார், புதிதாக எழுந்து நிற்கும் நாட்டுக்கு இந்தப் புலம்பல் எதற்கு என்று படித்தவர்களே பேசினார்கள். 123 ஆண்டுகள் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்த போலந்து 1918-இல்தான் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே அதற்குப் பிரதமரானவர் படெரெவ்ஸ்கி. உலகம் அறிந்த பியானோக் கலைஞர் அவர். அப்படிப்பட்ட நாட்டில்தான் இந்தப் பேச்சு.

இளைஞர்களின் கவனம் வேறு பக்கம் இருந்தது. முதல் உலகப் போரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு உடல் வலிமையும் ஓட்டமும் பந்தயமும்தான் பெரிதாகத் தெரிந்தன. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் போலந்து முதன்முறையாகக் கலந்துகொண்டு இரண்டு பதக்கங்களும் வாங்கி வந்திருந்தது.

வார்சாவில் பியானோ கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த யெஷி ஷுராவ்லெவுக்கு இந்த இரண்டும் சேர்ந்து உறுத்தின. ஷோப்பான் வாசிப்பில் பேர்போன அலெக்சாண்டர் மிகலோவ்ஸ்கியின் மாணவர் அவர். வேறொருவராக இருந்தால் இளைஞர்களுக்கு ரசனை போய்விட்டது என்று பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதிவிட்டுப் படுத்திருப்பார். ஷுராவ்லெவ் மைதானத்தைக் கவனித்தார். இவர்களை இழுப்பது வெற்றி தோல்விதான் என்றால், அதையே இசைக்குள் கொண்டுவந்தால் என்ன? பரிசுப் பணம் இருக்கட்டும், ஜெயித்தால் உலக மேடை என்ற ஆசையும் இருக்கட்டும். ஆனால் ஷோப்பானைத் தவிர வேறு எதையும் வாசிக்கக் கூடாது. 1925 வாக்கில் அவர் மனத்தில் உருவான திட்டம் இவ்வளவுதான். தூண்டில் என்று சொன்னால் அவர் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேட்டவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரே ஒருவருடைய இசையை வைத்து உலகப் போட்டியா? யார் வருவார்கள், செலவுக்கு யார் பொறுப்பு? அரசு அலுவலகங்களில் அலைந்தும் பலனில்லை. கடைசியில் கைகொடுத்தவர் ஹென்ரிக் ரெவ்கியேவிச் என்ற தொழிலதிபர். இசைப் பித்தர். நஷ்டம் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றார். 1926-இல் இக்னாட்ஸி மோஷ்சிட்ஸ்கி குடியரசுத் தலைவரானதும் அவருடைய ஆதரவும் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் வார்சாவின் வாஜென்கி பூங்காவில் ஷோப்பானுக்குச் சிலையும் திறந்தார்கள். காற்று திசை மாறிவிட்டது.

1927 ஜனவரி 23 அன்று வார்சா ஃபில்ஹார்மோனிக் அரங்கில் முதல் போட்டி தொடங்கியது. எட்டு நாடுகளிலிருந்து 26 பேர். நடுவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். அப்போதுதான் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த போலந்து வானொலி, மஸூர்காக்களை நன்றாக வாசிப்பவருக்கென்று தனிப் பரிசு வைத்தது.

அந்தத் தனிப் பரிசில் விஷயம் இருக்கிறது. மஸூர்கா போலந்துக் கிராமத்து ஆட்டம். மூன்று எண்ணிக்கை. தாளில் மூன்றும் ஒரே அளவாகத்தான் எழுதியிருக்கும். அப்படியே வாசித்தால் ஆட்டம் செத்துவிடும். அழுத்தம் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழ வேண்டும். ஒன்று கொஞ்சம் நீள வேண்டும், இன்னொன்று அதற்கு இடம் விட வேண்டும். எவ்வளவு என்று யாரும் எழுதிக் காட்ட முடியாது. ஷோப்பான் வாசிப்பதைக் கேட்ட பியானோக் கலைஞர் சார்ல்ஸ் ஹாலே, உங்கள் மூன்று எனக்கு நான்காகக் கேட்கிறதே என்றாராம். ஷோப்பான் ஒப்புக்கொள்ளவில்லை. அவரை வாசிக்கச் சொல்லி ஹாலே வாய்விட்டு நான்கு எண்ணிக் காட்டிய பிறகு சிரித்துவிட்டார். ஆட்டத்தின் இயல்பே அதுதான் என்பது அவர் பதில். வாசித்தவருக்கே பிடிபடாத இந்தக் கணக்குக்குத்தான் நடுவர்கள் மதிப்பெண் போட வேண்டியிருந்தது.

மஸூர்கா பரிசு போலந்தின் ஹென்ரிக் ஷ்டோம்ப்காவுக்குப் போனது. முதல் பரிசு? சோவியத் நாட்டிலிருந்து வந்த 19 வயது லெவ் ஓபரினுக்கு. 1920-இல் செஞ்சேனையை இதே வார்சாவின் வாசலில் நின்று விரட்டியிருந்தார்கள். ஏழு ஆண்டுக்குள் மாஸ்கோ பையன் வந்து அவர்களுடைய ஷோப்பானை வாசித்து ஜெயித்துப் போகிறான். போலந்து நடுவர்களே கொடுக்கிறார்கள். போட்டிக்கு முதல் முறையிலேயே மரியாதை கிடைத்தது இந்தத் தீர்ப்பால்தான் என்பது என் எண்ணம். இரண்டாம், மூன்றாம் பரிசுகள் போலந்தின் ஷ்பினால்ஸ்கிக்கும் ரோஜா எட்கினுக்கும்.

ஓபரினோடு வந்த இன்னொரு இளைஞர் குடல்வால் வலியோடு வாசித்தார். பரிசு இல்லை, பாராட்டுச் சான்றிதழ் மட்டும். அவர் டிமிட்ரி ஷோஸ்டகோவிச். வயது 20, முதல் சிம்பொனி முந்தைய ஆண்டே அரங்கேறியிருந்தது. பியானோவா இசையமைப்பா என்ற ஊசலாட்டம் நாளாவட்டத்தில் தீர்ந்தது. நல்லவேளை என்றுதான் சொல்ல வேண்டும்.

விளையாட்டிலிருந்து ஆர்வத்தை மட்டும் கடன் வாங்க முடியுமா? கூடவே மற்றதும் வந்தது. 1932-இல் அலெக்சாண்டர் உனின்ஸ்கியும் ஹங்கேரியின் இம்ரே உங்காரும் சம மதிப்பெண்ணில் நின்றார்கள். உங்கார் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். இருவரில் யார் முதல்வர் என்று முடிவு செய்ய நடுவர்கள் நாணயத்தைச் சுண்டினார்கள். பூவா தலையா! உனின்ஸ்கிக்கு விழுந்தது.

1937 போட்டிக்குப் பின் போர். ஷோப்பான் சிலையை நாஜிகள் 1940-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள், அரங்கமும் அழிந்தது. ரோஜா எட்கின் 1945 ஜனவரியில் அந்த நகரத்து இடிபாடுகளுக்கிடையே கொல்லப்பட்டார். ஷோப்பான் மறைந்து நூறாண்டு நிறைந்த 1949-இல் போட்டி வேறோர் அரங்கில் மீண்டும் நடந்தது. 1955-இல் மீண்டும் எழுப்பிய ஃபில்ஹார்மோனிக்குக்குத் திரும்பியது. அப்போதிருந்து ஐந்தாண்டுக்கொரு முறை. கொரோனா மட்டும் 2020-ஐ 2021-க்குத் தள்ளியது.

சச்சரவுக்கும் பஞ்சமில்லை. 1955-இல் அஷ்கெனாஸிக்கு முதலிடம் தராமல் இரண்டாமிடம் கொடுத்ததற்காக நடுவர் மைக்கலாஞ்சலி தீர்ப்பில் கையெழுத்திட மறுத்தார். 1980-இல் யுகோஸ்லாவியாவின் இவோ போகோரெலிச்சை இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேற்றியபோது, அவர் மேதை என்று சொல்லிவிட்டு நடுவர் குழுவிலிருந்து வெளியேறினார் மார்த்தா அர்கெரிச். 1965-இல் இங்கே முதல் பரிசு வாங்கியவர் அவர். அந்த 1980-இல் ஜெயித்தவர் வியட்நாமின் டாங் தாய் சான், போட்டியின் முதல் ஆசிய வெற்றியாளர். அமெரிக்கக் குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமத்துக்கு இடம்பெயர்ந்த இசைப் பள்ளியில் படித்தவர். ஆனாலும் ஊரெல்லாம் பேசியது தோற்றவரைப் பற்றித்தான். இசைத்தட்டு நிறுவனங்கள் போகோரெலிச்சைத் தேடி வந்தன. ஷுராவ்லெவ் அந்த ஆண்டில்தான் காலமானார், 90 வயதைத் தாண்டி. மைதானத்தில் கண்ட ஆவேசத்தை அரங்கத்துக்கு மாற்ற நினைத்தவர். அந்த ஆண்டு வார்சாவில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள், ஷோப்பானை எப்படி வாசிப்பது என்பதற்காக.