எரிந்த நகரும் எழுந்த நகரும்

மதுரை எரிந்த கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். கண்ணகியின் சினத்தையும் பாண்டியனின் வீழ்ச்சியையும் வகுப்பறைதோறும் விரித்துரைக்கிறோம். ஆயின், எரிந்த தெருக்களை மீண்டும் எழுப்பியவர் யாவர், அதன் செலவை ஏற்றவர் யாவர் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. அழிவு காவியமாகிறது, மீட்சி கணக்கேட்டோடு நின்றுவிடுகிறது. எனினும், ஒரு சமுதாயத்தின் இயல்பை அறிய விரும்புவோர் அக்கணக்கேட்டையே புரட்டிப் பார்த்தல் வேண்டும். கோலாலம்பூரின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும்.

கடனால் எழுந்த ஊர்

1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி, அம்பாங் பகுதியில் ஈயம் தேடினர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் படகுகள் நின்றன, கடைகள் தோன்றின, ஊர் உருவாயிற்று. மரச்சட்டமும் அத்தாப்புக் கூரையுமே அவ்வூரின் கட்டடக்கலை. அத்தாப்பு மலிவானது, வெம்மையைத் தடுப்பது, ஆயினும் ஒரு பொறி பட்டால் தெரு முழுவதையும் தீக்கு இரையாக்குவது.

1867 முதல் 1873 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரில், 1872ஆம் ஆண்டில் ஊர் பகைவர் கைப்பட்டு அழிந்தது. மறு ஆண்டு ஊரை மீட்டவர்கள் கண்டது பாழ்நிலமே. அதனை மீண்டும் எழுப்பும் சுமையைத் தாங்கியவர் சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய். அவர் கடன் வாங்கினார், சுரங்கங்களைத் திறந்தார், தொழிலாளரை வருவித்தார். ஈயத்தின் விலை தாழ்ந்த ஆண்டுகளில் அவர்தம் கடன் பெருகியது. 1879ஆம் ஆண்டில் ஈய விலை ஏறியதனாலேயே அவர் முறிந்து போகாமல் தப்பினார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஓர் ஊரின் மீட்சி, ஒரு தனிமனிதரின் கடனையும் தொலைதூரச் சந்தை விலையையும் நம்பி நின்றது. விலை ஏறாதிருந்தால் ஊரின் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். தனிமனிதரின் துணிவு போற்றுதற்குரியதே. எனினும் அதனையே ஓர் ஊரின் காப்புறுதியாகக் கொள்ள இயலாது.

விதியால் எழுந்த ஊர்

1880ஆம் ஆண்டில் சிலாங்கூரின் நிருவாகத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கமாகிய 1881 சனவரியில் பெருந்தீ மூண்டு ஊரை அழித்தது. அவ்வாண்டிலேயே பெருவெள்ளமும் வந்து, தீயில் தப்பியவற்றையும் புதிதாக எழுந்தவற்றையும் தாக்கியது. நெருப்பும் நீரும் ஓராண்டுக்குள் மாறிமாறி அழித்த அவ்வூர், பழைய முறையிலேயே எழுப்பப்பட்டால் மீண்டும் அழியும் என்பது தெளிவாயிற்று.

1882ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றவர் பிராங்க் சுவெட்டன்ஹாம். அவர் தெருக்களைத் துப்புரவு செய்வித்தார். 1884ஆம் ஆண்டில் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலுமே எழுப்பப்படல் வேண்டும் என்றும், தீ ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்குத் தாவாதவாறு தெருக்கள் அகலமாக்கப்படல் வேண்டும் என்றும் விதித்தார். விதி வந்தபின் செங்கல் வேண்டும். யாப் ஆ லோய் பரந்த நிலமொன்றை வாங்கிச் செங்கல் தொழிலைத் தொடங்கினார். அந்தச் செங்கற்களங்களே இன்று நாம் பிரிக்பீல்ட்ஸ் என வழங்கும் இடம். தமிழர் கடைகளும் கோயில்களும் நிறைந்த அப்பகுதியில் அன்றாடம் நடப்போர், அதன் பெயரே ஒரு தீயின் நினைவுச்சின்னம் என்பதை அறிதல் வேண்டும்.

அத்தாப்புக் குடில்கள் நின்ற இடங்களில் செங்கற் கடைவீடுகள் வரிசையாக எழுந்தன. அவற்றின் முன்னே, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குவதற்கென, நம்மவர் 'அஞ்சடி' என்று வழங்கும் நடைபாதை அமைந்தது. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அவ்விருப்புப்பாதைப் பணிக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளரை வருவிக்கும் பொறுப்பு தம்புசாமிப் பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்டது. காலப்போக்கில் பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர் குடியிருப்பாக மாறித் தமிழர் வாழிடமாயிற்று. 1884இல் ஏறத்தாழ 4,500ஆக இருந்த நகர மக்கள்தொகை, 1890இல் 20,000ஆக உயர்ந்தது.

இது பெருமைக்குரிய மீட்சியே. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் முறை. அரசு விதியைத் தந்தது; தெருவைத் தந்தது; சுவரை எழுப்பும் செலவோ மனையுடையார் தலையில் விழுந்தது. பொருளுடையார் செங்கல் வீடு கட்டினர். பொருளில்லார்க்கு அவ்விதி, காக்கும் கூரையாக இருந்ததைவிட, எட்டாத கூரையாகவே இருந்திருக்கும். விதி நல்லதாயினும், அதனைப் பின்பற்றும் ஆற்றலை வழங்காவிடின், அது வலியோர்க்கு வேலியும் எளியோர்க்குத் தடையும் ஆகிவிடும்.

உதவியால் எழும் ஊர்

எரிந்த நகரைப் பொதுப்பணத்தால் மீட்கும் எண்ணம் புதியதன்று. 1666ஆம் ஆண்டு இலண்டன் மாநகர் எரிந்தபின், செங்கல்லாலும் கல்லாலுமே வீடு கட்ட வேண்டும் என மறு ஆண்டு சட்டம் பிறந்தது. நகர்ச் சீரமைப்புச் செலவுக்கென நிலக்கரிமீது வரியும் விதிக்கப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரில், 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதி எரிந்து, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அவ்விடத்திலேயே ஓராண்டுக்குள் அடுக்குமாடி வீடுகளை எழுப்பத் தொடங்கி மக்களைக் குடியமர்த்தியது. ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரியில் காட்டுத்தீ 173 உயிர்களைக் கவர்ந்தபோது, ஊர்களை மீட்டமைப்பதற்கென்றே தனி ஆணையம் நிறுவப்பட்டது. 2020 சனவரியில் மீண்டும் காட்டுத்தீ பரவிய காலத்தில், அந்நாட்டுக் கூட்டரசு 200 கோடி டாலர் மீட்பு நிதியை அறிவித்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கும் அத்தகைய சோதனையை அண்மையில் கண்டது. 2025 ஏப்பிரல் முதல் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாட்காலையில், சுபாங் ஜெயாவை அடுத்த புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து வானளாவத் தீ எழுந்தது. உயிரிழப்பு நேரவில்லை, ஆனால் நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர், வீடுகளும் ஊர்திகளும் கருகின. முற்றிலும் அழிந்த வீட்டுக்கு 5,000 ரிங்கிட்டும், பகுதி சேதமுற்ற வீட்டுக்கு 2,500 ரிங்கிட்டும் உடனடி உதவியாக வழங்கப்படும் எனப் பிரதமர் அறிவித்தார். மலாய்க் கம்பத்தாரும், தாமான்களில் வாழும் சீனரும் இந்தியரும் ஒரே தீயால் தாக்குண்டு ஒரே நிவாரண நிலையங்களில் ஒதுங்கினர்.

1873இல் தனிமனிதரின் கடன்; 1884இல் அரசின் விதி; 2025இல் அரசின் உதவித்தொகை. இவ்வளர்ச்சி மனநிறைவு தருவதே. எனினும் 5,000 ரிங்கிட் ஒரு வீடன்று. அத்தொகை முதல் வாரத்துப் பசியையும் உடையையும் தீர்க்கும், சுவரை எழுப்பாது. உதவித்தொகையின் அளவு முறை வீட்டையே அளவுகோலாகக் கொள்வதால், உரிமைப்பத்திரம் உடையாரின் இழப்பு எளிதில் கணக்கிடப்படுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர், உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பவர், பத்திரங்களே எரிந்து போனவர் ஆகியோரின் இழப்பைக் கணக்கிடுதலோ எளிதன்று. தோட்ட லயங்களில் தலைமுறைகளாகப் பிறர் உரிமையுள்ள வீட்டில் வாழ்ந்த நம் சமுதாயத்திற்கு இவ்வுண்மையை விளக்க வேண்டுவதில்லை.

வேறொன்றும் உண்டு. புத்ரா ஹைட்ஸ் தீயைப் பற்றி 2025 சூன் மாத இறுதியில் வெளியான விசாரணை அறிக்கை, குழாயைத் தாங்கிய மண் வலுவிழந்ததையே காரணமாகச் சுட்டியது. ஆகவே கூரைக்கு இழப்பீடு தருதல் மட்டும் மீட்சியாகாது. குழாய்த்தடத்தின் மண்ணையும், அதனருகே எழும் கட்டுமானங்களையும் கண்காணிக்கும் விதியும் உடன் வருதல் வேண்டும். அத்தாப்பை நீக்காமல் மீண்டும் அத்தாப்பு வேய்வதற்குப் பணம் தந்திருந்தால், 1881க்குப் பின்னும் கோலாலம்பூர் எரிந்துகொண்டேயிருந்திருக்கும்.

விதியில்லாத உதவி, அடுத்த தீ வரையில்தான் நிற்கும்; உதவியில்லாத விதி, ஏழையின் வாயில்வரையில்தான் செல்லும். இரண்டும் இணையும்போதே ஊர் எழுகிறது. மாணவர்க்கு மதுரை எரிந்ததைக் கற்பிக்கும் ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் பிறந்த வரலாற்றையும் அதனோடு சேர்த்துக் கற்பிப்பாராக. எரித்த நெருப்பைப் போலவே, எழுப்பிய செங்கல்லும் பாடமாதல் வேண்டும்.