உலைக்களத்து ஓசை: பண்டைத் தமிழ்ப் பாடல்களிற் கொல்லனின் இடம்

இலக்கியத்தைச் சமூக வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ள முற்படுவோர், புலவன் யாரைப் பாடினான், எதனைப் பாடினான் என்று கேட்பது இயல்பு. இவ்வினாவோடு வேறொன்றனையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். தான் பாடவந்த பொருளை விளக்குதற்குப் புலவன் எதனைத் துணைக்கு அழைத்தான்? பாட்டுடைத் தலைவனைப் பற்றிய கூற்றிலே மிகை கலந்திருக்கலாம். பரிசில் நாடி வந்தவனின் வாய்மொழி அது. உவமையோ கேட்போர் முன்னரே அறிந்ததாக இருந்தாலன்றிப் பயன்படாது. ஆகவே, ஒரு காலத்து மக்கள் நாள்தோறும் கண்டதும் கேட்டதும் யாவை என்பதனை அக்காலத்து உவமைகள் பெரும்பாலும் நேர்மையாகவே காட்டிவிடுகின்றன. இவ்வடிப்படையிற் சங்கப் பாடல்களை நோக்கின், அங்கு இரும்புக் கொல்லனின் உலைக்களம் அடிக்கடி எதிர்ப்படுவதைக் காணலாம்.

சங்கச் செய்யுட்கள் இன்று நமக்கு ஏட்டிலக்கியமாகவே கிடைப்பினும், அவை பாணரும் புலவரும் அவையிற் பாடிய வாய்மொழி மரபின் வழிவந்தவை என்பதனைப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில ஆய்வு நூலில் விரிவாக நிறுவினார். வாய்மொழிப் பாடலின் இயல்புகளுள் ஒன்று, ஒரே தொடர் வெவ்வேறு புலவரிடத்து மீண்டும் மீண்டும் வருதல். கொல்லனுக்கும் அத்தகைய நிலைத்த அடைமொழி ஒன்று உண்டு. கரிய, வலிய கையை உடையவன் என்பதே அது. புறநானூற்றில் வெவ்வேறு புலவர் பாடிய 21ஆம், 170ஆம் பாடல்கள் இரண்டிலும் அவ்வடைமொழி இடம்பெறுகின்றது. மன்னனுக்கு மாலையும் முரசும் எவ்வாறு அடையாளமோ, கொல்லனுக்குக் கை அவ்வாறு அடையாளமாயிற்று.

இவ்விரு பாடல்களிலும் கொல்லன் செய்யும் பணி யாது? ஐயூர் மூலங்கிழார் பாடிய 21ஆம் பாடல், உக்கிரப்பெருவழுதி கைப்பற்றிய கானப்பேரெயிலைப் பற்றியது. அக்கோட்டையைத் தோற்ற வேங்கைமார்பன் அதனை மீட்டல் அரிது என்று கூறவந்த புலவர், காய்ச்சிய இரும்பு உண்ட நீரை அவ்விரும்பிலிருந்து மீண்டும் பெறுதல் இயலாமையை நினைவூட்டுகின்றார். உறையூர் மருத்துவன் தாமோதரனார் பாடிய 170ஆம் பாடலோ, பகைவர்க்குப் பிட்டங்கொற்றன் எத்தகையவன் என்பதனை, ஓங்கி அறையும் சம்மட்டியைத் தாங்கும் உலைக்கல்லின்மேல் வைத்து உணர்த்துகின்றது. முதலாவதில் இரும்பு நீரை உறிஞ்சும் கணம். இரண்டாவதில் இரும்போடு இரும்பு மோதும் கணம். உலைக்களத்தின் அருகே நின்று பார்த்தவர்க்கும், அவ்வாறு பார்த்த அவையினர்க்கும் அன்றி இவ்வுவமைகள் பொருள் தரமாட்டா.

அகப்பாடல்களில் இவ்வோசை வேறு விதமாக ஒலிக்கின்றது. குறுந்தொகை 172ஆம் பாடலிலே, பிரிவால் வருந்தும் தலைவி தன் நெஞ்சை ஒரு துருத்திக்கு ஒப்பிடுகின்றாள். அது ஏழு ஊர்களுக்குப் பொதுவாக ஓர் ஊரில் அமைந்த உலையில், ஓய்வின்றி மிதிக்கப்படும் தோற்றுருத்தி. அதே தொகையின் 12ஆம் பாடலில், பாலைவழியிற் கிடக்கும் பாறைகள் உலைக்கல்லைப் போலத் தோன்ற, எயினர் அவற்றின்மீது ஏறித் தம் அம்புகளைத் தீட்டுகின்றனர். நற்றிணை 125ஆம் பாடலில், புற்றை அகழும் கரடி விடும் மூச்சு, கொல்லனுலையின் துருத்தி விடும் மூச்சாகின்றது. அகநானூறு 72ஆம் பாடல், இரவில் மின்மினி மொய்த்த புற்றைக் கிளறும் கரடியையே இரும்பு வேலை செய்யும் கொல்லனாகக் காண்கின்றது. பறக்கும் மின்மினிகள் அங்கே தீப்பொறிகளாகின்றன. அரசவையின் புகழ்மொழிக்கு மாத்திரமன்றிக் காதலின் துயருக்கும் காட்டின் அச்சத்துக்கும் கொல்லனின் தொழில் மொழி வழங்கியுள்ளது.

இவற்றுள் குறுந்தொகை உவமை வரலாற்று மாணவன் தனியே கருதத்தக்கது. ஏழு ஊர்க்கு ஓர் உலை என்பதிலுள்ள எண்ணைக் கணக்கெடுப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், ஊர்தோறும் கொல்லன் இருந்திலன் என்பதும், ஒருவனின் உழைப்பைப் பல ஊர்கள் பகிர்ந்துகொண்டன என்பதும் அதனாற் புலனாகின்றன. உழவுக்குக் கொழுவும், வேட்டைக்கு அம்பும், போருக்கு வேலும் ஒரே உலையிலிருந்து வருதல் வேண்டும். துருத்தி ஓய்வறியாதிருந்தமைக்கும், தலைவியின் நெஞ்சுக்கு அது பொருந்திய உவமையானமைக்கும் காரணம் இதுவே. கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலிலே 1980களில் தொடங்கிய அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தன. நம் நாட்டிற் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையால் இயங்கிய பழைய இரும்புலைகள் கண்டறியப்பட்டு, அவை பற்றிய ஆய்வு 1996இல் வெளியாயிற்று. தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மையைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிக் கொண்டுசெல்லும் அறிக்கையொன்றை அம்மாநிலத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்டது. இரும்பின் வயதைப் பற்றி நாம் பெருமிதத்தோடு பேசுகின்றோம். அதனைக் காய்ச்சியவனின் நிலையைப் பற்றியும் அதே அக்கறையோடு கேட்டல் வேண்டும்.

கொல்லன் உவமையாக அன்றி நேரடியாகவே பேசப்படும் பாடல்களுள் இரண்டு இங்கு கருதற்பாலன. புறநானூறு 312ஆம் பாடலிற் பொன்முடியார் ஐவரின் கடமைகளை அடுக்குகின்றார். ஈன்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேலைச் செய்து தருதல் கொல்லனுக்கும், நல்லொழுக்கத்தை நல்குதல் வேந்தனுக்கும், களிற்றை வென்று மீளுதல் மகனுக்கும் உரியன. வேந்தனோடு ஒரே வரிசையிற் கொல்லன் நிற்பது குறிப்பிடத்தக்கது. எனினும் அவ்வரிசையில் அவனுக்கு உரியது கடமையே. வெற்றியும் அதன் புகழும் வேலைப் பிடித்தவனைச் சாரும். 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களையும் அதியமானின் படைக்கலங்களையும் ஒப்பிடுகின்றார். முன்னவனுடையவை பீலி சூட்டி, நெய் பூசிக் காவல் மனையில் அழகுற இருக்கின்றன; பின்னவனுடையவை நுனி முறிந்து கொல்லனின் சிறிய கொட்டிலிற் கிடக்கின்றன. அதியமான் ஓயாது போர் செய்தவன் என்பதற்கு அக்கொட்டில் சான்றாகின்றது. கொட்டிலில் இருந்தவன் எத்தனை இரவுகள் விழித்திருந்தான் என்பது பாடலின் பொருளன்று.

இவ்வாறு நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. கொல்லனின் கை, துருத்தி, உலைக்கல், சம்மட்டி, பொறி ஆகிய யாவும் பாடலுக்குட் புகுந்தன. பாடலின் தலைவனாக அவன் புகுந்திலன். புலவர் வரிசையில் மதுரைக் கொல்லன் புல்லன் போன்ற பெயர்கள் காணப்படுவதால், இத்தொழிலோடு உறவுடைய குடியினர் பாடும் மரபுக்கு முற்றிலும் புறம்பாக இருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால், பாடலின் மரபு தலைவனையும் கொடையையும் மையமாகக் கொண்டது. கொடுப்பவன் பாடப்பட்டான், செய்பவன் உவமையானான்.

பாடலை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோமாயின், பல நூற்றாண்டுகளுக்குப் பின் இதே ஓசை பற்றிய எதிர்பாராத சான்றொன்று கிடைக்கின்றது. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலிலுள்ள கல்வெட்டொன்று, கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட அரசன் கொங்கு நாட்டுக் கம்மாளர்க்கு வழங்கிய ஆணையைக் கூறுகின்றது. கம்மாளர் எனப்படும் ஐவகைத் தொழிலாளருள் இரும்புக் கொல்லரும் அடங்குவர். தம் நன்மைக்கும் தீமைக்கும், அதாவது திருமணத்துக்கும் இறப்புக்கும், இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை முதலியன கொட்டவும், வெளியே செல்லும்போது செருப்பு அணியவும், தம் வீடுகளுக்குச் சாந்து பூசவும் அவ்வாணை அவர்களுக்கு உரிமை அளித்தது. உரிமை வழங்கப்பட்டது என்பதன் மறுபக்கம், அதற்கு முன் அது மறுக்கப்பட்டிருந்தது என்பதே.

சங்கப் பாடல்களுக்கும் இக்கல்வெட்டுக்கும் இடைப்பட்ட காலம் நீண்டது. முன்னதன் சமூக நிலையே பின்னதிலும் மாற்றமின்றித் தொடர்ந்தது என்று கொள்வது வரலாற்று நெறியன்று. நிலவுடைமையும் கோயிலும் சாதி அமைப்பும் இடைக்காலத்தில் வலுப்பெற்ற வகை தனியே ஆராயற்பாலது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு முரண் நம்மை உறுத்துகின்றது. கொல்லனின் சம்மட்டி ஓசை எவருக்கும் உரியதாய், புலவனின் நாவிலும் அரசனின் அவையிலும் தடையின்றி ஒலித்தது. அவன் வழிவந்தோர் வீட்டுத் திருமணத்திற் சங்கு ஒலிப்பதற்கோ அரச ஆணை வேண்டியிருந்தது. உழைப்பின் ஓசையை ஏற்றுக்கொண்ட சமூகம், உழைத்தவனின் மகிழ்ச்சி ஓசைக்கு அளவு விதித்தது.

இசை வரலாற்றை இராகங்களின் வரலாறாகவும் வித்துவான்களின் வரலாறாகவும் மட்டும் எழுதிவரும் நாம் இதனைச் சிந்தித்தல் தகும். யார் பாடப்பட்டனர், யார் வீட்டில் எவ்வாத்தியம் ஒலிக்கலாம் என்று யார் தீர்மானித்தனர் என்பனவும் அவ்வரலாற்றின் பகுதிகளே. நம் ஊர்களிற் கொல்லன் பட்டடைகள் ஒவ்வொன்றாக அவிந்து வருகின்றன. அவற்றில் வேலை செய்த முதியோரின் தொழிற்சொற்களையும், துருத்தி இழுப்போரும் சம்மட்டி அடிப்போரும் தாளம் தவறாமைக்குக் கையாண்ட முறைகளையும், பாடல்கள் உளவாயின் அவற்றையும் பதிவுசெய்வது இளம் ஆய்வாளர்க்கு எட்டிய பணியே. அப்பதிவிலாவது கொல்லன் பிறிதொன்றுக்கு உவமையாக அன்றித் தானே பொருளாக நிற்பானாக.