மொசைக் நிலை (மரபியல்)

கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து உருவான உடலில், மரபணு அமைப்பில் வேறுபடும் செல்கள் கலந்திருப்பது மொசைக் நிலை எனப்படும். செல்கள் பிரியும்போது டி.என்.ஏ. நகலெடுப்பில் நேரும் பிழைகளும், குரோமோசோம்கள் சரிவரப் பிரியாமையும் இதற்குக் காரணங்கள். கருவளர்ச்சியில் பிழை எவ்வளவு முன்னதாக நேர்கிறதோ, பொதுவாக அவ்வளவு கூடுதலான திசுக்களில் அது காணப்படும்.

எலும்பும் தோலும் ஆங்காங்கே மிகையாக வளரும் புரோட்டியஸ் நோய்க்குறிக்கு, ஏகேடி1 மரபணுவில் இவ்வாறு தோன்றும் மாற்றமே காரணம் என 2011இல் கண்டறியப்பட்டது. முதுமையில் இரத்தக் குருத்தணுக்களில் டெட்2 போன்ற மரபணுக்கள் மாறி, அச்செல்கள் பெருகினால், இரத்தப் புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது.

மாற்றம் சில திசுக்களில் மட்டுமே இருந்தால் இரத்தப் பரிசோதனையில் தென்படாமல் போகலாம். அப்போது பாதிக்கப்பட்ட திசுவையே சோதிக்க வேண்டும்.