பார்க்காமல் பிடித்த வீடு

தமிழில் 'பார்ப்பது' என்ற சொல்லுக்கு இருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. பெண் பார்க்கிறோம், மாப்பிள்ளை பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், வீடு பார்க்கிறோம். நாளையும் வேலையையும் தள்ளிவிட்டால் மற்ற மூன்றுக்கும் பொதுவான ஒரு லட்சணம் உண்டு. பார்க்கப் போகிறவரும் அங்கே பார்க்கப்படுகிறார். பெண் பார்க்க வந்த பிள்ளையை ஜன்னல் இடுக்கு வழியாகப் பெண் வீட்டார் எடை போடுகிற மாதிரி, வீடு பார்க்க வந்தவரை வீட்டுக்காரர் செருப்பிலிருந்து நெற்றி வரைக்கும் எடை போடுகிறார். பார்த்து முடித்த பிறகுதான் சாவியைத் தேடுகிறார்.

இன்று சரவணம்பட்டியில் காலியாகும் ஒரு வீட்டைப் பூனாவிலோ துபாயிலோ உட்கார்ந்திருப்பவர் செல்போனில் பார்த்து, அங்கிருந்தே முன்பணத்தை அனுப்பிவிட்டு, சாமான் லாரிக்குப் பின்னால் வந்து இறங்குகிறார். இதைப் பெரிய புதுமை என்று பலர் சொல்லக் கேட்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயமுத்தூரில் வாடகை வீடு என்று ஒன்று ஏற்பட்ட நாள் முதல், பிழைக்க வந்தவர்களில் எத்தனையோ பேர் பார்க்காமல்தான் வீடு பிடித்திருக்கிறார்கள். யாருடைய கண்ணை நம்பிப் பிடித்தார்கள் என்பது மட்டுமே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

கொங்கு நாட்டுக் கிராமத்தில் வாடகை வீட்டுக்கு அநேகமாக இடமே இருந்ததில்லை. பண்ணையத்துக்கு வந்து சேர்ந்தவனுக்குத் தோட்டத்தில் ஒரு சாளை. ஊருக்குள் இருக்கிற வளவிலோ பங்காளிகள் குடியிருந்தார்கள். இன்னாருக்கு இன்ன இடம் என்பது பிறக்கும்போதே தீர்மானமாகியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவன் பணம் கொடுத்து ஊர் நடுவே ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையே பட்டணத்து யோசனை. அந்தப் பட்டணம் ரயிலோடு வந்தது. 1860-களில் போத்தனூருக்கு ரயில் வந்தது. 1866-ல் கோயமுத்தூருக்கு நகரசபை ஏற்பட்டது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் என்று ஊரார் சொல்லும் நூற்பு ஆலை தொடங்கிற்று. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் சிங்காநல்லூர், பீளமேடு பக்கமெல்லாம் புகைபோக்கிகள் முளைத்தன. மில்லுக்கு ஆள் வேண்டும். ஆளுக்குத் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும்.

அப்படிப் பிறந்தது லைன் வீடு. ஒரே கூரை, நீளமாக ஒரே சுவர், குறுக்கே தடுப்பு. ஓர் அறை, ஓர் அடுப்படி, வாசலில் முழ அகலத்துக்கு ஒரு திண்ணை. குழாயும் கக்கூஸும் எல்லோருக்கும் பொது. இந்த வீட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது என்பது இதில் ஒரு சௌகரியம். ஒன்றைப் பார்த்தவன் எல்லாவற்றையும் பார்த்தவன். தெரிந்துகொள்ள வேண்டியது, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது யார் என்பதுதான். அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முன்னமேயே அங்கே குடியிருப்பவன் சொல்ல வேண்டும்.

சொன்னான். ஊர்க்காரன் ஒருவன் முன்னால் வந்திருப்பான். அவனுக்கு ஒரு கார்டு போடுவார்கள், 'வீடு பார்த்து வை' என்று. அவன் பார்த்து வைத்தான் என்றால் பார்த்தாயிற்று. கூரை ஒழுகினாலோ, அடுத்த வீட்டுக்காரன் குடித்துவிட்டு வந்து ரகளை செய்தாலோ, மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது பத்துப் பேர் முன்னிலையில் அவனைத்தான் கேட்பார்கள். அந்தப் பயம் அவன் கண்ணைக் கூர்மையாக்கிற்று. இன்றைய வீட்டுத் தரகர் ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு காட்டுகிறதை அவன் தன் மானத்தை அடகு வைத்துக் காட்டினான்.

அவனிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி தண்ணீரைப் பற்றியது. கோயமுத்தூரின் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, பருப்பு வேகாது. 'நல்ல தண்ணி' என்றும் 'உப்புத் தண்ணி' என்றும் இரண்டு ஜாதித் தண்ணீர் இங்கே உண்டு. இந்தத் தாகத்தை உணர்ந்து, மேற்கு மலையிலிருந்து சிறுவாணியைக் கொண்டுவரலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னவர் பத்திரிகாசிரியர் எஸ். பி. நரசிம்மலு நாயுடு. அவர் 1922-ல் காலமானார். தண்ணீர் ஊருக்குள் வந்தது 1930-ஐ ஒட்டித்தான். நகரசபைத் தலைவராக இருந்து அந்தக் காரியத்தை முடித்தவர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் எங்களுடையது என்று ஊரார் பெருமை அடித்துக்கொள்வார்கள். முதலாவது எது, குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சிறுவாணி வந்ததும் வீடு பார்ப்பதில் ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டது. அதுவரையில் ஒவ்வொரு கிணற்றையும் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். இனித் தெருப் பெயரைச் சொன்னாலே போதும். அதற்கு முன்பே இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் பல தடவை இந்த ஊரைச் சூறையாடிற்று. இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இங்கே கோயில்கள் இருக்கின்றன. காற்றும் வெளிச்சமும் புகாத பழைய தெருக்களைவிட்டு, நேர்கோடாக அகலமான ரஸ்தாக்கள் போட்டுப் புதுப் பேட்டை ஒன்றை எழுப்பினார்கள். முதலியார் பெயரால் அது இரத்தினசபாபதிபுரம், சுருக்கமாக ஆர். எஸ். புரம். அங்கே ஒரு வீடு என்றால் ரஸ்தா இப்படி இருக்கும், காற்று வரும் என்று பார்க்காதவரும் ஊகிக்கலாம். இப்படி, ஊர்க்காரனின் வாய்ச்சொல் செய்த வேலையில் பாதியை விலாசமே செய்யத் தொடங்கிற்று.

இரண்டாம் உலக யுத்தத்தோடு இன்னொரு கண் வந்து சேர்ந்தது: சர்க்காரின் கண். யுத்த காலத்து வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவுகள் 1946-ல் ஒரு சட்டமாகி, 1960-ல் வேறொரு சட்டமாயின. அந்த 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. வீடு காலியானால் ஏழு நாளுக்குள் சொந்தக்காரர் அதற்கென நியமித்த அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து நாளுக்குள் அவர் 'சர்க்காருக்கு வேண்டும்' என்று சொல்லாவிட்டால்தான் தம் இஷ்டப்படி யாருக்கும் விடலாம். சொல்லிவிட்டால் வீடு ஓர் உத்தியோகஸ்தருக்குப் போகும். வீட்டுக்காரருக்கு ஆளைத் தெரியாது; வருகிறவருக்கு வீட்டைத் தெரியாது. நடுவில் ஒரு காகிதம். யாரும் யாரையும் பார்க்காமல் ஒரு வாடகை முடிவது இந்த நாட்டில் செல்போனுக்கு அறுபது வருஷம் முன்னாலேயே நடந்துவிட்ட சங்கதி. இந்த ஏற்பாட்டை வீட்டுக்காரர்கள் சபித்தார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன அனுதாபம் உண்டு. வந்து இறங்கிய உத்தியோகஸ்தர் என்ன ஜாதி, அவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று விசாரிக்க அந்தக் காகிதத்தில் இடம் கிடையாது.

சர்க்காருக்கு வேண்டாத வீடுகளோ வேறு விதமாகக் காட்டப்பட்டன. வாசலில் தொங்கும் 'டு லெட்' பலகை, காப்பிக்கடைப் பேச்சு, பிறகு பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம். இரண்டு அறை, கிழக்குப் பார்த்தது, சிறுவாணி உண்டு, சைவக் குடும்பத்துக்கு மட்டும். இந்த விளம்பரத்தின் முக்கால் பாகம் வீட்டைக் காட்டுகிறது. கால் பாகம் யார் வர வேண்டாம் என்பதைக் காட்டுகிறது. சைவம் என்ற சொல் இங்கே சாப்பாட்டை மட்டும் குறிப்பதல்ல என்பது எழுதியவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும்.

இனிப் படத்துக்கு வருவோம். போகாத இடத்தைப் படத்தால் கண்முன் நிறுத்தும் வித்தைக்கு நம் பக்கத்து ஊர் ஒன்றும் கருப்பொருளாக இருந்திருக்கிறது. பார்க்கிறவனைச் சுற்றிலும் வளைத்து நிற்கும் பெரிய சித்திரத்துக்கு ராபர்ட் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1787-ல் உரிமை பெற்றார். பனோரமா என்பது அதுதான். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார், அவர் ஆட்சியில் இருந்த கோயமுத்தூர் கும்பெனியின் கைக்குப் போயிற்று. மறு வருஷமே லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் அந்தக் கோட்டை முற்றுகையை நூறு அடிக்கு மேல் நீளமுள்ள துணியில் தீட்டி, டிக்கெட் போட்டுக் காட்டினார். ஜனங்கள் திரண்டுபோய்ப் பார்த்தார்கள். அதைத் தீட்டிய காலத்தில் போர்ட்டர் இந்தியாவில் கால் வைத்ததில்லை! கோட்டைக்குள் புழுதி எப்படி இருந்தது, அங்கே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று படத்தைப் பார்த்தவர்கள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதபடி அவ்வளவு பெரிதாகவும் தத்ரூபமாகவும் இருந்தது அது.

பிறகு வந்தவை எல்லாம் அதே வித்தையின் வளர்ச்சிதான். 1978-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆஸ்பென் என்ற மலையூரைத் தெருத் தெருவாகப் படம் பிடித்து, இருந்த இடத்திலிருந்தே அதில் உலாவ ஏற்பாடு செய்தார்கள். 2007-ல் கூகிள் கம்பெனி தெருக்களையே படமாக்கத் தொடங்கிற்று. நம் ஊருக்கு இந்த வித்தை வந்த வழி எளிது. 2016-ல் மலிவான இன்டர்நெட்டும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் வசதியும் சில மாத இடைவெளியில் வந்தன. 2020 மார்ச் மாதக் கடைசியில் தேசம் பூட்டப்பட்டபோது, வேறு வழியில்லாமல் எல்லோரும் அதைப் பழகிக்கொண்டார்கள்.

இந்தப் படம் எதைக் காட்டுகிறது? அகன்ற லென்ஸில் எட்டடிக்குப் பத்தடி அறை கல்யாண மண்டபமாகிவிடுகிறது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம். திருப்பிப் பிடித்தால் இருட்டு. விவரம் தெரிந்தவர்கள் 'குழாயைத் திறந்து காட்டுங்க' என்கிறார்கள். குழாயில் தண்ணீர் வருவது தெரியும். அது சிறுவாணியா, பில்லூரா, உப்பா என்பது நாக்குக்குத்தான் தெரியும். வாரத்துக்கு எத்தனை தடவை வரும் என்பது பக்கத்து வீட்டு அம்மாளுக்குத்தான் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல்மாடியில் இறங்கும் வெக்கையை எந்தக் கேமராவும் பிடிப்பதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களில் பலருக்கு இந்தப் படமும் கிடையாது. முன்னால் வந்த ஊர்க்காரன் சொன்னதை நம்பி ரயிலேறுகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் லைன் வீடு பிடித்த நம் ஆட்கள் மாதிரியேதான்.

ஆனால் எனக்கு அதிக யோசனை தருவது வீட்டுக்காரரின் பார்வை. நேரில் வந்தவரை வேண்டாமென்று அனுப்ப அந்தக் காலத்தில் ஒரு பொய்யாவது தேவைப்பட்டது. 'ஏனுங்க, காலையிலதானுங்க ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு' என்று, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துச் சொல்வார்கள். அதற்கு முன்னால் கேட்டிருப்பார்கள், 'நீங்க என்ன ஆளுங்க?' என்று. இன்று அந்தச் சிரமம் இல்லை. பெயரைப் பார்த்ததுமே பதில் நின்றுவிடுகிறது. மறுப்பு என்று ஒன்று நடந்ததற்கே சாட்சி கிடையாது.

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. சுகதேவ் தோரட் முதலிய அறிஞர்கள் டில்லியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 2012-ல் வாடகை வீடு தேடுகிறவர்களாக ஆட்களை அனுப்பிச் சோதித்து, முடிவை 2015-ல் வெளியிட்டார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் டெலிபோனில் கேட்டபோது கிடைத்ததைவிட நேரில் போய் நின்றபோதுதான் அதிக மறுப்புக் கிடைத்ததாம். அப்படியானால் தூரம் ஒரு வகையில் கவசம். கொஞ்ச நேரமாவது ஆளைவிட்டு வாடகையைப் பற்றிப் பேச வைக்கிறது.

சட்டமும் இதில் முற்றிலும் மௌனமாக இல்லை. தீண்டாமையின் பேரில் ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்கவிடாமல் தடுப்பது 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டும் நல்லவையே. பதில் வராத ஒரு செய்தியை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் வைப்பது?

வடவள்ளிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் வீடு காட்டுவதைச் சென்ற வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆசாரம், சமையலறை, பொடக்காணி, துவைக்கிற கல் எல்லாவற்றையும் செல்போனை ஏந்திக்கொண்டு பொறுமையாகக் காட்டினார். குழாயைத் திறந்தார். மொட்டை மாடியிலிருந்து மருதமலையைக்கூடக் காட்டினார். மறுமுனையில் இருந்த பெண் வீட்டின் படம் தெளிவாக வர வேண்டும் என்று தன் பக்கத்துக் கேமராவை அணைத்து வைத்திருந்தாள். வாடகை பேசி முடிந்தது.

"எல்லாம் சரிதானுங் கண்ணு," என்றார் அம்மாள். "இப்ப உன்ற மொகத்தக் கொஞ்சம் காட்டு."