கோஷா மருத்துவமனை முதல் குண்டாற்றங்கரை வரை

பேரீச்ச மரத்தடியில் தனித்துப் பேறுகால வேதனையைத் தாங்கிய அன்னை மர்யம் (அலை) அவர்களைத் திருக்குர்ஆன் நமக்கு நினைவூட்டுகிறது. பேறுகாலத்தில் துணையின்மை எத்தகைய துயரம் என்பதை நம் நாட்டு வரலாறும் உணர்த்துகிறது.

1885இல் சென்னையில் மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் கோஷாப் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றியது. ஆண் மருத்துவரை அணுகத் தயங்கிய முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் திரை காத்தபடியே அங்குச் சிகிச்சை பெற்றனர். திருவல்லிக்கேணிக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இன்று நாம் அறிவது அதனையே.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் வானம் பார்த்த பூமியிலோ தொலைவும் வறுமையும் திரையினும் பெருந்தடைகளாயின. நள்ளிரவில் உதிரப்போக்குக் கண்ட தாய்க்கு ஒவ்வொரு நாழிகையும் உயிர்ப் போராட்டமே. 1987இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், இரவும் பகலும் செவிலியர் பணியாற்றும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008இல் வந்த 108 ஊர்தி, 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியன அத்தடைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தின. தமிழகத்தில் இலட்சம் பிறப்புகளுக்கு 2001–03இல் 134ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018–20இல் 54ஆகக் குறைந்தது.

பிரசவ அறையில் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க 2004இல் அரசு இசைந்ததை நாம் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். கோஷா மருத்துவமனை உணர்த்திய உண்மையும் அதுவே: பெண்ணின் மானமும் மனமும் மதிக்கப்படும் இடத்திற்கே அவள் தயங்காது வருவாள்.