தோள் சொன்ன கணக்கு

2006 மார்ச். மும்பை வான்கடே மைதானம். இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். 21 பந்துகளைச் சந்தித்து, ஒரே ஒரு ரன்னில் அவுட்டாகித் திரும்புகிறார் சச்சின் டெண்டுல்கர். சொந்த ஊர், சொந்த ஜனம். கேலரியில் ஒரு பகுதியிலிருந்து சத்தம் கிளம்புகிறது. கைதட்டல் இல்லை, கேலி!

அந்த டெஸ்ட் முடிந்த கையோடு லண்டனில் அவருக்குத் தோளில் ஆபரேஷன். முந்தைய வருடம்தான் முழங்கையில் கத்தி வைத்திருந்தார்கள். வயதோ 33-ஐத் தொடப் போகிறது. 'ஆள் அவ்வளவுதான்' என்று டீக்கடை பெஞ்சுகள் தீர்ப்பு எழுதிவிட்டன.

தோள் படுத்தும் பாட்டுக்கு ஆளான முதல் வீரர் சச்சின் இல்லை. கதை கிரேக்க காலத்தில் ஆரம்பிக்கிறது.

தோள் ஒரு விசித்திரமான மூட்டு. இடுப்பு எலும்பு கிண்ணத்துக்குள் பந்து மாதிரி ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோளிலோ, சாஸர் மேல் வைத்த எலுமிச்சம்பழம்! எல்லாப் பக்கமும் சுழலும். அதற்கு விலை? சுலபமாக நழுவும். பிடித்து நிறுத்தும் தசைநார்கள் கிழியும்.

சுமார் 2,400 வருடங்களுக்கு முன், ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல் இதைப் பேசுகிறது. தோள் அடிக்கடி நழுவியதால், திறமை இருந்தும் விளையாட்டை விட்டவர்கள் பலர். போரில் உயிரையே விட்டவர்களும் உண்டு என்கிறது.

வைத்தியம்? பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அக்குளில் சூடு! புண் தழும்பாகி இறுகினால், எலும்பு நழுவும் வழி அடைபடும் என்பது கணக்கு. படிக்கும்போதே நமக்கு வியர்க்கிறது. ஆனால், கூடவே ஒரு அறிவுரை. புண் ஆறிய பிறகும் ராத்திரி பகலாகக் கையை உடம்போடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். ரொம்ப நாளைக்கு.

பல நூற்றாண்டுகளைத் தாண்டி 1923-க்கு வருவோம். லண்டன் சர்ஜன் பிளண்டல் பாங்கார்ட், நழுவும் தோளில் கோளாறு எங்கே என்று எழுதினார். மூட்டுக் குழியின் விளிம்பிலிருந்து நார்கள் பிய்ந்துவிடுகின்றன. பிய்ந்ததை அதே இடத்தில் எலும்போடு சேர்த்துத் தை! அந்த ஆபரேஷனுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

இப்போது சின்னத் துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டே தைத்துவிடுகிறார்கள். ஆனால், கிரேக்கர் சொன்ன அந்தக் கடைசி அறிவுரை மட்டும் மாறவில்லை.

ஏன்? நூல், பிடித்து மட்டும்தான் வைக்கும். ஒட்ட வைப்பது உடம்பு. அதற்கு அவசரமே கிடையாது. எந்த நாரைத் தைத்திருந்தாலும் பல வாரங்கள் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட வேண்டும். சீக்கிரம் அசைத்தால் தையல் விட்டுப்போகும். அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, கம்பி மேல் நடப்பதுதான் பிசியோதெரபி. முதலில் அடுத்தவர் பிடித்துத் தூக்குவார். அப்புறம் தானாகத் தூக்க வேண்டும். அதற்கப்புறம்தான் எடை. உலகத்தின் எல்லா மைதானத்திலும் சதம் அடித்த ஆளாக இருந்தாலும், சட்டை பட்டனில் இருந்துதான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

சச்சின் காத்திருந்த அந்த மாதங்களில், டிராவிட் தலைமையில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், 35 வருடம் கழித்து டெஸ்ட் தொடரை வென்றது. அவர் இல்லாமலே! வலியைவிடக் கொடுமை இதுதான். உலகம் நமக்காக நிற்பதில்லை.

2006 செப்டம்பர் 14, கோலாலம்பூர். அதே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒருநாள் போட்டி. சச்சின் 141 நாட் அவுட். மழையும் டக்வொர்த் - லூயிஸும் சேர்ந்து இந்தியாவைத் தோற்கடித்தது வேறு கதை.

பி.காம். படித்த பாவம், எனக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. சச்சினின் சர்வதேச சதங்கள் மொத்தம் 100. தோள் ஆபரேஷனுக்கு முன்பு 74. பின்பு 26. அன்றைக்கு டீக்கடை பெஞ்சுகள் 'வாராக் கடன்' என்று தள்ளுபடி செய்தது இந்த 26-ஐத்தான். ஆண்கள் ஒருநாள் போட்டியின் முதல் இரட்டைச் சதமும் (2010, குவாலியர்) இதற்குள் அடக்கம்.

2011 ஏப்ரல் 2. இந்தியா உலகக் கோப்பையை வென்ற ராத்திரி. இளம் வீரர்கள் சச்சினைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

இடம், அதே வான்கடே. தூக்கியது, தோளில்.