பணிப்புறப் பயிற்சி என்னும் தொடரும் ஒரு பிழைவாசிப்பும்: இங்கிலாந்தின் பட்டத் தொழிற்பழகுநர் திட்டத்தில் சிறு நிறுவனங்கள்

வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகப் பட்டம் பெற வழிசெய்யும் பட்டத் தொழிற்பழகுநர் திட்டத்தை (degree apprenticeship) இங்கிலாந்தின் சிறு நிறுவனங்கள் எட்ட நின்றே பார்ப்பதற்குப் பணம்தான் தடை என்ற வாதம் இதைப் பற்றிய ஆய்வுகளில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டாத நிறுவனம், பெரிய நிறுவனங்கள் மீதான பயிற்சி வரியாகிய தொழிற்பழகுநர் தீர்வையைச் செலுத்துவதில்லை; பயிற்சிக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு மட்டுமே அதன் பொறுப்பு. 2017இல் 10 விழுக்காடாக இருந்த அப்பங்கு 2019 ஏப்ரலில் 5 விழுக்காடாகக் குறைந்தது. அரசு நிதி தரும் கட்டணத்தின் உச்சவரம்பான 27,000 பவுண்டுக்கே கணக்கிட்டாலும், படிப்புக் காலம் முழுவதற்குமாக 1,350 பவுண்டுதான் வரும். 2024 ஏப்ரல் முதல் சேர்ந்த, 22 வயது நிரம்பாத பழகுநருக்கு அதுவும் இல்லை. தடை இதுதான் என்றால் அது எப்போதோ விலகியிருக்கும்.

உண்மையான செலவு இத்திட்டத்துக்கான அரசு நிதி விதிநூலின் வேறொரு பகுதியில், பணிப்புறப் பயிற்சி (off-the-job training) பற்றிய பிரிவில் இருக்கிறது. பழகுநரின் பணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பயிற்சிக்கு என்பது முதலில் இருந்த விதி. 2022 ஆகஸ்டில் முழுநேரப் பணியாளருக்கு வாரம் 6 மணி நேரம் என்ற குறைந்தபட்ச அளவு வந்தது. 2025 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு தொழிலுக்கும் வகுக்கப்பட்ட பயிற்சித் தரத்துக்கும் (standard) தனித்தனி மணிக்கணக்கு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. இடையில் இருந்த 6 மணி அளவையே எடுத்துக்கொள்வோம். சட்டப்படியான விடுப்பு போக ஆண்டுக்கு 46.4 வாரம், ஏறத்தாழ 278 மணி. மணிக்கு 15 பவுண்டு ஊதியம் என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுகளில் 12,500 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். கட்டணப் பங்கைப்போல் ஒன்பது மடங்கு. அந்தக் காசைவிட, அந்த நேரத்தில் கையில் ஆள் இல்லாமல் போவதுதான் எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் உறைக்கிறது.

இதுவரை சொன்னதைப் பழைய வாதக்காரர்களும் மறுக்கமாட்டார்கள். ‘வாரத்தில் ஒரு நாள் ஆளை இழப்பது’ என்று அவர்கள் பணிப்புறப் பயிற்சிக்குப் பொருள் கொள்ளும் இடத்தில்தான் நான் வேறுபடுகிறேன். வாரம் ஒரு நாள் என்று விதி எங்கும் சொல்லவில்லை. பயிற்சி, பழகுநரின் வழக்கமான பணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். அவர் சேர்ந்த பயிற்சித் தரம் கோரும் அறிவையும் திறனையும் அடைவதற்காக நடக்க வேண்டும். அன்றாட வேலையை முடிப்பதற்காக மட்டும் தரப்படும் பயிற்சியாக அது இருக்கக் கூடாது. விதி கேட்பது இவ்வளவுதான். இடத்தைப் பொறுத்தவரை, பணியிடத்திலேயே நடத்தலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கிறது. மூத்தவர் ஒருவரின் அருகிருந்து கற்பது, வழிகாட்டியுடன் உட்காருவது, பிற நிறுவனங்களைப் பார்வையிடுவது, ஒப்படைப்பு எழுதுவது எல்லாமே கணக்கில் சேரும். பெயரில்தான் ‘புறம்’ இருக்கிறது. விதி அளப்பது நோக்கத்தை.

பர்மிங்ஹாம் பக்கம் ஒரு லேத் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். கடைந்தெடுத்த தண்டுகள் மாலையானால் அளவு பிசகுகின்றன. அன்றைய ஆர்டரை முடிக்க மெஷினைத் திருத்தி ஓட்டினால் அது வேலை. ஒரு நிமிடம்கூடப் பயிற்சிக் கணக்கில் வராது. அதே பணியாளர் மணிக்கு ஐந்து தண்டுகளை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, வரைபடத்தில் குறித்து, வெட்டுக்கருவியின் தேய்மானத்தால் விட்டம் எப்படி மெல்ல நகர்கிறது என்பதைத் தம் பாடத்திட்டத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பகுதிக்கு ஒப்படைப்பாக எழுதினால், அது பயிற்சி. இரண்டுக்கும் மெஷின் ஒன்று, தண்டு ஒன்று. இரண்டாவதில் கிடைப்பது பட்டறைக்கு நெடுநாளாகத் தேவைப்பட்ட விடை. கழிவாகும் தண்டு குறைந்தால் அந்த 278 மணியில் ஒரு பகுதியாவது திரும்பி வரும். எவ்வளவு திரும்பும் என்று பொதுவாகச் சொல்ல நான் துணியமாட்டேன். வேலையின் தன்மையைப் பொறுத்தது அது.

பிறகு ஏன் ‘ஒரு நாள்’ என்ற வாசிப்பு இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? இதை ஓர் ஊகமாகவே முன்வைக்கிறேன். பணிப்புற நேரத்துக்கான சான்று தணிக்கையில் தேறாவிட்டால் நிதியைத் திருப்பித் தரவேண்டியது பல்கலைக்கழகம். வகுப்பறை வருகைப்பதிவு எளிய சான்று. லேத் பக்கத்தில் கழிந்த நேரத்துக்குச் சான்று திரட்டுவது வம்பு. தவிர, காவல்துறையும் மருத்துவமனைகளும் ஆட்களைக் கூட்டமாக அனுப்பும்போது கால அட்டவணை அவற்றின் வசதிக்கேற்பவே அமைகிறது. ஒற்றை ஆளை அனுப்பும் பட்டறை அதில் ஒட்டிக்கொள்கிறது. நிர்வாக வசதியை விதி என்று வாசித்த பிழை ஆய்வாளர்களுடையது.

அன்றாட வேலைக்கே பயிற்சி என்று பெயர் சூட்டும் ஏமாற்றுக்கு என் வாசிப்பு கதவைத் திறந்துவிடாதா என்பார்கள். திறக்கலாம், வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டுத் தூங்குவதற்கும் கதவு திறந்தேதான் இருக்கிறது. பட்டம் வாங்கியவர் வேறிடம் போய்விடுவார் என்ற ஆட்சேபத்தில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. பட்டத்தோடு வந்து சேர்பவரும்தான் போகிறார். போகிறவரிடம் பயிற்சிச் செலவைப் பிடித்துக்கொள்ள விதி இடம் தரவில்லை என்பதை மட்டும் முதலாளிகள் முன்னரே அறிந்திருப்பது நல்லது.

இன்னொன்று, ஏற்கெனவே வேலையில் இருப்பவரையே இத்திட்டத்தில் சேர்க்கலாம். இளநிலைப் பட்ட அளவில் வயது உச்சவரம்பு இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் தொழிற்பழகுநர் ஒப்பந்தம் என்பது பணி ஒப்பந்தமே. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவோ, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையின் வாதத்தை அப்படியே கோவைப் பட்டறைகளுக்குத் தூக்கிவந்து பொருத்த முடியாது. ஆனால் இங்கிலாந்தில் பத்து ஆண்டு லேத் ஓட்டியவர் சேரும்போது அவருடைய முன்னறிவை மதிப்பிட்டு, தெரிந்த பாடத்துக்கான காலத்தையும் கட்டணத்தையும் குறைக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் நிறுவனம், பல்கலைக்கழகம், பழகுநர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் பயிற்சித் திட்ட ஆவணம். எந்த மாதம் எத்தனை மணி, வகுப்பில் எவ்வளவு, பட்டறையில் எவ்வளவு என்பதையும் கையெழுத்துக்கு முன்பு அங்கேதான் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.